சிலிக்கான்(111) மேல் வெள்ளி: தட்டையாகப் படியாமல் தீவுதீவாக நிற்கிறது, எங்கே தப்பு?

தட்டாம்பூச்சி கேட்டது:

சிலிக்கான்(111) 7×7 பரப்பின் (படிகத்தை (111) தளத்தில் வெட்டி, மேலணுக்கள் 7×7 கட்டங்களாக ஒழுங்கான பரப்பு) மேல் 3 முதல் 10 அடுக்கு வரை தட்டையான வெள்ளிப் படலம் வேண்டும். இப்போதைய நிலவரம் இது:

சேம்பரின் அடிப்படை அழுத்தம் 1×10⁻¹⁰ மில்லிபார். வெள்ளியைச் சூடாக்கி ஆவியாக்க, பிபிஎன் (போரான் நைட்ரைடு) குரூசிபிள் போட்ட நூட்சன் செல். கியூசிஎம் (படியும் எடையை அதிர்வெண் மாற்றத்தால் அளக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல்) கணக்கில் நிமிடத்துக்கு 0.5 எம்எல் (மோனோலேயர், ஓரணு அடுக்கு). சாம்பிளை அறை வெப்பநிலையில் வைத்து 3 எம்எல் படியவைத்தால் எஸ்டிஎம் (பரப்பை அணு அளவில் காட்டும் ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்) படத்தில் தலை தட்டையான தீவுகள் தெரிகின்றன. உயரம் 2 அடுக்கிலிருந்து 5 அடுக்கு வரை கலந்துகட்டி. நடுவில் படலமே இல்லாத இடங்கள். சூடு போதாதோ என்று 200 டிகிரி செல்சியஸில் படியவைத்துப் பார்த்ததில் நிலைமை இன்னும் மோசம்: தீவுகள் எண்ணிக்கையில் குறைந்து, உயரமாகி, இடைவெளியெல்லாம் √3×√3 (வெள்ளியும் சிலிக்கானும் சேர்ந்து உண்டாகும் ஓரடுக்கு ஒழுங்கமைப்பு). ரேட்டை நாலு மடங்கு ஏற்றியும் பெரிதாக மாற்றமில்லை.

அறை வெப்பநிலையில் போட்ட 3 எம்எல் படலத்தில் ஆகர் (மேல்பரப்பில் என்ன தனிமம் என்று எலக்ட்ரான் ஆற்றலால் காட்டும் அளவீடு) எடுத்தால் சிலிக்கானின் 92 எலக்ட்ரான் வோல்ட் பீக் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. கால்வாசிக்கு இறங்கியிருக்க வேண்டாமா? ரீட் (பரப்பை உரசிப் போகும் எலக்ட்ரான் கதிரின் எதிரொளி) தீவிரமும் ஒரே இறக்கமாக இறங்குகிறது, அடுக்கு நிறைய நிறைய வர வேண்டிய அலைவே இல்லை.

அடித்தளம் அழுக்கா, ரேட்டா, வெப்பநிலையா?

---

பனிப்பொறி:

வெப்பநிலைதான். ஆனா நீங்க திருப்பின திசை தப்பு. ஏத்தக் கூடாது, இறக்கணும்.

வெள்ளி சிலிக்கானோட கலவை ஆகாது, சிலிசைடு உண்டாக்காது. முதல்ல ஒரு மெல்லிய நனைக்கும் அடுக்கு விரியும். மேலே வர்ற அணுக்களுக்குப் பரந்து கிடக்கிறதை விடக் கூடிக் குவியறதுதான் ஆற்றல் கணக்குல லாபம். 200 டிகிரியில அந்த நனைக்கும் அடுக்கு √3×√3 ஆகிடுது. சிலிக்கானோட அறுந்த பிணைப்புகளையெல்லாம் அது மூடிடும், அதுக்கு மேலே வெள்ளி அணு வழுக்கிக்கிட்டு ஓடும். ஓடற அணு ஏற்கெனவே இருக்கிற தீவைத் தேடிப் போய் ஒட்டிக்கும். தீவு குறைஞ்சு உயரமானதுக்குக் காரணம் இதுதான். சூடு கொடுத்தா படலம் சமச்சீராகும்ங்கிறது தடிமனான படலத்துக்குப் பொருந்தும்; சில அடுக்குப் படலத்துக்குச் சூடு எதிரி.

ரேட்டை ஏத்தினதுல ஏன் ஒண்ணும் ஆகலைன்னா, தீவுகளோட அடர்த்தி ரேட்டைப் பொறுத்து ரொம்ப மெதுவாத்தான் மாறும். ரெண்டு அணு சேர்ந்தாலே கலையாத கருன்னு எடுத்துக்கிட்டா, அடர்த்தி ரேட்டோட கனமூலம் மாதிரி போகும். நாலு மடங்கு ஏத்தினா 1.6 மடங்கு அடர்த்தி, அவ்வளவுதான். எஸ்டிஎம் படத்துல கண்ணுக்கே தெரியாது. வெப்பநிலை அப்படியில்லை. உதாரணத்துக்கு நகர்வுத் தடை 0.4 எலக்ட்ரான் வோல்ட்னு வெச்சுக்குங்க. 300 கெல்வின்ல இருந்து 200க்கு இறக்கினா அடர்த்தி சுமார் 13 மடங்கு ஏறும், 150க்கு இறக்கினா 170 மடங்குக்கும் மேல. அந்த 13 மடங்கை ரேட்டை மட்டும் வெச்சு எடுக்கணும்னா ரேட்டை 2200 மடங்கு ஏத்தணும். எந்த செல்லும் தாங்காது.

அதனால ரெண்டு கட்டமாப் போடுங்க:

1. சாம்பிளை 100 முதல் 150 கெல்வினுக்குள்ள குளிர வெச்சு முழு அளவையும் அங்கேயே படிய வைங்க. அணு விழுந்த இடத்துலயே கிட்டத்தட்ட உறைஞ்சுடும். கிடைக்கிறது அழகான படலம் இல்லை. பொடிப்பொடிக் கொத்துகள் நெருக்கியடிச்சு உட்கார்ந்த கரடுமுரடான பரப்பு. எஸ்டிஎம்ல அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க.
2. அப்புறம் மெதுவா அறை வெப்பநிலைக்கு வர விடுங்க, நிமிடத்துக்கு 1, 2 கெல்வின் போதும். இந்த ஏத்தத்துலதான் கொத்துகள் ஒண்ணு சேர்ந்து மேல்தளம் தட்டையாகும்.

இதை முதல்ல பளிச்சுனு காட்டினது 1996இல், காலியம் ஆர்சனைடு(110) மேலே. அங்கே குறைந்தபட்சத் தடிமன் ஒண்ணு இருக்கு, சுமார் 15 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஆறு அடுக்குக்குக் கொஞ்சம் மேல. அதைவிடக் குறைச்சலாப் போட்டா ஓட்டை விழும். ஓட்டையும் எப்படியோ ஒரு ஆழமா இருக்காது, அடித்தளம் வரைக்கும் நேரா இறங்கும். மேல்தளம் மட்டும் ஒரே உயரத்துல நிக்கும். படலத்துக்குள்ள அடைபட்ட எலக்ட்ரான்களோட ஆற்றல் தடிமனைப் பொறுத்து ஏறி இறங்கறதால சில தடிமன்களுக்கு மட்டும் சலுகை கிடைக்குதுங்கிறதுதான் இதுக்கான விளக்கம். ‘எலக்ட்ரான் வழி வளர்ச்சி’ன்னு 1998இல் பேர் வெச்சாங்க. சிலிக்கான்(111) 7×7 மேல குறைந்த அளவு வெள்ளியை இதே மாதிரி போட்டா ரெண்டு அடுக்கு உயரத்துக்கு மேடைகள் வரும், அதுவும் 1999லயே வெளியானது. ஆகவே உங்க 3 அடுக்குத் திட்டத்தை இப்போதைக்கு மறந்துடுங்க. 7 அல்லது 8 அடுக்குல ஆரம்பிச்சு, மூடின படலம் வருதான்னு பார்த்துட்டு அப்புறம் கீழே இறங்குங்க.

இன்னொண்ணு: 25 சதவீதம் அணி இடைவெளி வித்தியாசம் இருக்கேன்னு பயப்பட வேண்டாம். சிலிக்கான் பரப்புல இடைவெளி 3.84 ஆங்ஸ்ட்ராம், வெள்ளி(111)ல 2.89. நாலு வெள்ளி 11.56, மூணு சிலிக்கான் 11.52. நாலுக்கு மூணுன்னு உட்கார்ந்துட்டா மிச்சம் 0.3 சதவீதம்தான்.

---

வெற்றிடவாசி:

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால், 3 எம்எல் என்கிறீர்களே, எந்த எம்எல்?

சிலிக்கான்(111) கணக்கில் ஒரு எம்எல் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 7.83×10¹⁴ அணு. வெள்ளி(111) கணக்கில் 1.38×10¹⁵. இரண்டுக்கும் 1.76 மடங்கு வித்தியாசம். இந்தப் பரப்பைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் முதல் கணக்கிலும் பாதிப் பேர் இரண்டாவதிலும் எழுதுவார்கள். எதில் எழுதுகிறோம் என்று சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. உங்கள் 3 எம்எல் சிலிக்கான் கணக்கு என்றால் கையில் இருப்பது 1.7 வெள்ளி அடுக்குதான்.

உங்கள் ஆகர் குழப்பத்துக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. 92 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் தப்பிக்கும் ஆழத்தை 5 ஆங்ஸ்ட்ராம் என்று வையுங்கள், கோணத் திருத்தத்தை விட்டுவிடுங்கள். மூன்று வெள்ளி அடுக்கு என்றால் 7.1 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சுவது 24 சதவீதம்; நீங்கள் எதிர்பார்த்த கால்வாசி. 1.7 அடுக்கு என்றால் 4 ஆங்ஸ்ட்ராம், முழுக்கத் தட்டையாக இருந்தாலும் 45 சதவீதம் மிஞ்சும். ஆக, பாதி பீக் நிற்கிறது என்பது மட்டுமே தீவுக்கு ஆதாரம் ஆகாது. உங்கள் விஷயத்தில் எஸ்டிஎம் இருக்கிறது, அதனால் தீவு என்பது உறுதி.

அளவை இப்படிச் சரிபாருங்கள். 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு ஹெர்ட்ஸ் என்பது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 12.3 நானோகிராம். ஒரு வெள்ளி(111) அடுக்கு 247 நானோகிராம், அதாவது 20 ஹெர்ட்ஸ். ஒரு சிலிக்கான் எம்எல் 140 நானோகிராம், 11 ஹெர்ட்ஸ் சொச்சம். ஷட்டரைத் திறந்தவுடன் செல்லின் வெப்பக் கதிர் பட்டு கிரிஸ்டலே சில ஹெர்ட்ஸ் நகரும். நீங்கள் அளப்பதே 20 ஹெர்ட்ஸ். அதில் 4, 5 ஹெர்ட்ஸ் பொய் என்றால் கதை கந்தல். ஷட்டர் திறந்து பத்து நிமிடம் விட்டு, அதற்குப் பின் வரும் நேர்கோட்டின் சரிவை மட்டும் எடுங்கள். தண்ணீர்க் குளிர்ச்சி ஓடுகிறதா என்றும் பாருங்கள். கன்ட்ரோலரில் அடர்த்தி 10.49 என்று இருக்க வேண்டும். முந்தைய ஆள் தங்கம் போட்டிருந்தால் 19.3 என்று நிற்கும்.

கியூசிஎம்மை நம்பாமல் சாம்பிளையே தராசாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சாம்பிளை 350 முதல் 400 டிகிரி செல்சியஸில் வைத்து வெள்ளி விடுங்கள். √3×√3 பரப்பு நிறைவது சரியாக ஒரு சிலிக்கான் எம்எல்லில். ரீட் திரையில் 7×7 புள்ளிகள் முற்றாக மறைந்து √3 புள்ளிகளின் தீவிரம் ஏறுவது நிற்கும் நொடியைக் குறியுங்கள். அந்த நேரத்தை 1.76ஆல் பெருக்கினால் ஒரு வெள்ளி(111) அடுக்குக்கான நேரம். மூன்று தடவை எடுத்தால் 5 சதவீதத்துக்குள் நிற்கும். 500 டிகிரியைத் தாண்டிப் போகாதீர்கள், வெள்ளி பறக்க ஆரம்பித்துவிடும், கணக்கு கெடும்.

---

தட்டாம்பூச்சி:

இருவருக்கும் நன்றி. கன்ட்ரோலரில் சிலிக்கான் கணக்குதான் இருந்தது, ஆக 1.7 அடுக்குதான். திரவ நைட்ரஜன் ஸ்டேஜ் இருக்கிறது, சாம்பிள் 120 கெல்வின் வரை இறங்கும். ஃப்ளாஷ் செய்துவிட்டு (சில நொடி கடுமையாகச் சூடாக்கிச் சுத்தம் செய்துவிட்டு) ஒன்றரை மணி நேரம் குளிரவைத்துப் பிறகு படியவைக்கலாம் என்று திட்டம். சரியா? ரீட் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கோணம் சுமார் 1.2 டிகிரி. குளிரில் போட்டால் அலைவு தெரியுமா?

---

பனிப்பொறி:

ஒன்றரை மணி நேரமா? வேண்டாம். 7×7 பரப்பு தண்ணீர் மூலக்கூறைக் கண்டா விடாது, அறை வெப்பநிலையிலயே உடைச்சு ஒட்டிக்கும். குளிர்ந்த பரப்புன்னா கேக்கவே வேண்டாம். 10⁻¹⁰ மில்லிபார்ல வர்றதெல்லாம் ஒட்டினா ஒரு அடுக்கு மூட மூணரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். மிச்ச வாயுவுல பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு, அது ஒட்டாதுன்னாலும், ஒன்றரை மணி நேரத்துல சில சதவீதம் அழுக்கு சேர்ந்துடும். அந்த ஒவ்வொரு அழுக்கும் ஒரு கரு.

வரிசையை மாத்துங்க. முதல்ல சாம்பிளை 600 டிகிரியில ராத்திரி முழுக்க வாயு நீக்கம் செய்யுங்க, சேம்பர் பழைய அழுத்தத்துக்கு வர்ற வரைக்கும். அப்புறம் நைட்ரஜனை ஓட விட்டு ஸ்டேஜை முழுசாக் குளிர வைங்க. சுத்தியிருக்கிற குளிர்ந்த செப்புப் பரப்புகளே தண்ணீரைப் பிடிச்சுக்கும். செல்லை சாம்பிளுக்கு முன்னாடியே ரேட்டுக்குக் கொண்டுவந்து ஷட்டரை மூடி வைங்க. வெள்ளி உருகறது 962 டிகிரியில. அதுக்கு நல்லாக் கீழேயே, செல்லைப் பொறுத்து 800 சொச்சத்துல உங்களுக்குத் தேவையான ரேட் வந்துடும். நைட்ரஜன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சாம்பிளை நேரடி மின்னோட்டத்துல 1200 டிகிரிக்கு 5 முதல் 10 நொடி ஃப்ளாஷ். அழுத்தம் 1×10⁻⁹ஐத் தாண்டினா உடனே நிறுத்தி, ஆறவிட்டு, திரும்ப. 900க்கு வேகமா இறக்கி, 900ல இருந்து 700 வரைக்கும் நொடிக்கு 1 டிகிரிக்கு மேல வேண்டாம், ஏன்னா 850 பக்கத்துலதான் 7×7 உருவாகுது. அவசரப்பட்டா 7×7 துண்டு துண்டா வந்து நடுவுல ஒழுங்கில்லாத பட்டைகள் மிஞ்சும். அப்புறம் மின்னோட்டத்தை நிறுத்திடுங்க. ஸ்டேஜ் ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறதால அரை மணி நேரத்துல இறங்கிடும்.

கார்பன் இருக்கான்னு ஆகர்ல பார்க்கறதா இருந்தா வெள்ளி போடறதுக்கு முன்னாடியே பாருங்க. வெள்ளிக்கு 266 எலக்ட்ரான் வோல்ட்ல ஒரு பீக் இருக்கு, கார்பனோட 272 அதுக்குள்ள மறைஞ்சு போயிடும்.

---

வெற்றிடவாசி:

ஃப்ளாஷ் பற்றி இரண்டு எச்சரிக்கை.

சாம்பிளைத் தொடும் எதிலும் நிக்கல் இருக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ட்வீசர், ஸ்டீல் ஸ்க்ரூ, ஏன், கே வகை தெர்மோகப்பிளின் கம்பியே நிக்கல் கலவைதான். சிலிக்கானுக்குள் நிக்கல் புகுந்துவிட்டால் எத்தனை ஃப்ளாஷ் அடித்தாலும் போகாது. √19×√19 திட்டுகள் வரும், அந்த வேஃபரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிடிப்பான் டான்டலம் அல்லது மாலிப்டினம், ட்வீசர் செராமிக். வெப்பநிலைக்கு ஃப்ளாஷில் பைரோமீட்டர். ஆனால் அதன் ஜன்னலுக்கு நேராக வெள்ளி செல் இருந்தால் சில வாரத்தில் கண்ணாடியில் வெள்ளி பூசிவிடும். அப்போது பைரோமீட்டர் குறைத்துக் காட்டும், நீங்கள் 1200 என்று நினைத்து 1280க்கு ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். மூடி போட்ட ஜன்னல் வையுங்கள்.

மின்னோட்டத்தின் திசையையும் பாருங்கள். 1200 டிகிரியில் நேர் மின்னோட்டம் பரப்பின் அணுப் படிகளைக் கூட்டிக் குவிக்கும், குவிவதும் பிரிவதும் மின்னோட்டம் படி ஏறும் திசையிலா இறங்கும் திசையிலா என்பதைப் பொறுத்தது. படிகளுக்கு இணையாக மின்னோட்டம் போகிறாற்போல் வேஃபரை வெட்டினால் அகலமான தளங்கள் கிடைக்கும்.

---

சமதளம்:

ரீட் கேள்விக்கு. 1.2 டிகிரி என்பது, துரதிர்ஷ்டவசமாக, அலைவைப் பார்க்கவே முடியாத கோணம்.

அலைவு தெரிய வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு தளங்களிலிருந்து வரும் கதிர்கள் ஒன்றையொன்று அழிக்க வேண்டும். 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அலைநீளம் 0.0994 ஆங்ஸ்ட்ராம். வெள்ளி(111) படியின் உயரம் 2.36 ஆங்ஸ்ட்ராம். பாதை வித்தியாசம் அரை அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்காக வருவது 0.60, 1.81, 3.02 டிகிரிகளில். ஒன்றையொன்று வலுப்படுத்துவது 1.21, 2.41 டிகிரிகளில். நீங்கள் நிற்பது சரியாக 1.21இல், அங்கே அரை அடுக்கு இருந்தாலும் முழு அடுக்கு இருந்தாலும் திரைக்கு ஒன்றே. உள் மின்னழுத்தத்தால் கதிர் விலகுமே என்று யாராவது கேட்பார்கள். இந்தக் கணக்கில் அது வராது: இரண்டு தளத்திலும் உள்ளே நடப்பது ஒன்றுதான், வித்தியாசம் வெற்றிடத்தில்தான் உண்டாகிறது.

1.81க்கு மாற்றுங்கள். கோணத்தைத் திருகில் நம்பாதீர்கள், திரையில் அளந்துகொள்ளுங்கள். சாம்பிளுக்கும் திரைக்கும் 300 மில்லிமீட்டர் என்றால், நேர்க்கதிர்ப் புள்ளிக்கும் எதிரொளிப் புள்ளிக்கும் இடையே 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு 12.7 இருக்கும்.

கோணம் சரியானாலும் அறை வெப்பநிலையில் அலைவு வராது, ஏனென்றால் அங்கே அடுக்கடுக்காக வளரவே இல்லை. குளிரில் சில அலைவுகள் வரலாம். ஈயத்துக்கு இதே சிலிக்கான் பரப்பில் 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அலைவு வந்தால்தான் இறுதிப் படலம் தட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கட்ட முறையில் தட்டையாவது சூடேறும்போதுதான், படியும்போது அல்ல. சூடேற்றும்போதும் திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: மங்கலான வளையத் துண்டுகள் கூர்ந்து நீளக் கோடுகளாக மாற வேண்டும். கோடுகளின் இடத்தில் வரிசையான புள்ளிகள் முளைத்தால் கதிர் தீவுகளை ஊடுருவிப் போகிறது என்று பொருள்.

---

தட்டாம்பூச்சி:

இப்போது எல்லாம் விளங்குகிறது. ஒரே ஒரு கேள்வி: ஆன்டிமனியை முன்னதாகக் கொஞ்சம் போட்டால் குளிர்விக்காமலே அடுக்கடுக்காக வளரும் என்று ஒருவர் சொன்னார்.

---

சமதளம்:

அவர் நினைப்பது வெள்ளி(111) படிகத்தின் மேலேயே வெள்ளி வளர்ப்பதை. அங்கே சிக்கல் வேறு. வெள்ளி அணு தளத்தில் 0.1 எலக்ட்ரான் வோல்ட் தடையை எளிதாகத் தாண்டி ஓடும். ஆனால் படியின் விளிம்பில் இறங்க அதற்கு மேலும் ஏறத்தாழ அதே அளவு தடை. எர்லிக்–ஷ்வோபெல் தடை என்பது இதுதான். இறங்க முடியாமல் மேலேயே சிக்கி, அங்கேயே அடுத்த தீவைக் கட்டும். ஆன்டிமனி தீவுகளைச் சின்னதாகவும் நெருக்கமாகவும் ஆக்கி இதை உடைக்கிறது, 1992இல் காட்டியது. உங்களுக்கோ படலம் அடித்தளத்தை விரும்பவில்லை என்பது பிரச்சினை, விளிம்பில் இறங்காதது அல்ல. மருந்து நல்ல மருந்துதான், நோய் வேறு.

---

பனிப்பொறி:

நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கரு அடர்த்தியை ஏத்தற எதுவும் சிலிக்கான்லயும் கொஞ்சம் உதவும். ஆனா ஆன்டிமனி மேலேயே மிதந்துக்கிட்டு வரும், கடைசியில உங்க வெள்ளியோட மேல்பரப்பு வெள்ளியா இருக்காது. ஃபோட்டோஎமிஷன் (ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றி அளக்கிறது) எடுக்கப் போறீங்கன்னா அதுவே போதும் வேண்டாம்னு சொல்ல. சேம்பர் சுவரெல்லாம் ஆன்டிமனி ஒட்டி, அடுத்து வர்ற ஆள் உங்களைத் திட்டுவார்.

அந்நியப் பொருள் எவ்வளவு வேலை காட்டும்ங்கிறதுக்கு பிளாட்டினம்(111) மேலே பிளாட்டினம் வளர்த்த கதையே போதும். அங்கே விளிம்புத் தடை அதிகம்னு நினைச்சிருந்ததுல ஒரு பங்கு, சேம்பர்ல மிச்சமிருந்த கார்பன் மோனாக்சைடு விளிம்புல ஒட்டினதால வந்ததுன்னு 1998இல் தெரிஞ்சது.

சிலிக்கான்தான் வேணும்னு கட்டாயம் இல்லைன்னா இரும்பு(100) பாருங்க. இடைவெளி வித்தியாசம் 0.8 சதவீதம், அங்கே 119 அடுக்கு வரைக்கும் ஒரே தடிமனா வெள்ளிப் படலம் போட்டு 1999இல் வெளியிட்டாங்க. சிலிக்கான்தான்னா குளிர் முறை. ஆரம்பம் 8 வெள்ளி அடுக்கு, 120 கெல்வின், நிமிடத்துக்கு 0.5 அடுக்கு. அறை வெப்பநிலைக்கு வந்ததும் ஒரு ராத்திரி விடுங்க. அப்புறம் எஸ்டிஎம்ல மேட்டை அளக்காதீங்க, ஓட்டைகளோட ஆழத்தை அளங்க. எல்லா ஓட்டையும் ஒரே ஆழமா அடித்தளம் வரை இறங்கினா அளவு மட்டும்தான் குறைச்சல், 2 அடுக்கு கூட்டிப் போட்டா மூடிடும். ஆழம் கலந்துகட்டி இருந்தா அழுக்கு, இல்லைன்னா படியும்போது சாம்பிள் நீங்க நினைச்சதை விடச் சூடா இருந்திருக்கு. செல்லோட கதிர்ச் சூட்டுல சாம்பிள் எவ்வளவு ஏறுதுன்னு ஷட்டரைத் திறந்து வெச்சு ஒரு தடவை பார்த்துடுங்க. படலத்தைச் சீராக்கறேன்னு 100 டிகிரி, 200 டிகிரி செல்சியஸுக்கு மட்டும் ஏத்திடாதீங்க. ஓட்டை விரிஞ்சு, திரும்பவும் தீவும் √3ம் தான்.